பேரேட்டில் ஏறாத பெயர்கள்
(கறுப்பின விடுதலை நூல்கள் மூன்று: ஒரு திறனாய்வு)

வணிகர் கணக்கில் இரண்டு ஏடுகள் முக்கியம். அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதிலிருந்து ஆள் ஆளாகப் பிரித்து, யாருக்கு எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்று ஏற்றுவது பேரேடு. சிட்டையில் உள்ள ஒரு பெயர் பேரேட்டுக்கு ஏறாமல் போனால் வருஷக் கடைசியில் ஐந்தொகை இடிக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாத்திரக்கடை கணக்கு எழுதிய பழக்கத்தில் வரலாற்று நூல்களையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். கல்லூரிக்குப் போய்ப் படித்தவன் அல்ல. கடை மூடியபின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிப்பவன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலைப் போராட்டம் என்றதும் நமக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டு. ஒன்று மார்ட்டின் லூதர் கிங். மற்றொன்று ரோசா பார்க்ஸ். வேலை முடிந்து களைத்து வந்த தையற்காரி ஒருத்தி பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தாள், உடனே ஊரே திரண்டது, கிங் தலைமை ஏற்றார், வெற்றி கிடைத்தது. இவ்வளவுதான் நாம் கேட்ட கதை. இந்தக் கதையில் தொகை இடிக்கிறது. ஐம்பதாயிரம் பேர் உள்ள ஒரு சமூகம் நான்கே நாளில் எப்படித் திரண்டது? யார் சேதி சொன்னது? பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விகளோடு மூன்று நூல்களைச் சேர்த்துப் படித்ததன் பயனை இங்கே எழுதுகிறேன்.

அளவுகோல்

எந்தத் திறனாய்வுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். என்னுடையதை என் சமயத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தாருக்கான வாய்மை விரதத்தைச் சொல்லும்போது, அதற்கு வரக்கூடிய குறைகள் ஐந்து என்கிறது. அவற்றில் ஒன்று கூடலேகம், அதாவது பொய்ப் பத்திரம் எழுதுவது. இதை யாரும் குற்றம் என்று ஒப்புக்கொள்வார்கள். இன்னொன்று நியாசாபகாரம். நியாசம் என்றால் அடைக்கலமாகக் கொடுத்து வைத்த பொருள். ஒருவர் நம்மிடம் நூறு கொடுத்து வைக்கிறார். காலம் கழிந்து, தொகை மறந்துபோய், எண்பது கொடுத்தேன் என்று வந்து கேட்கிறார். நாம் வாய் திறக்காமல் எண்பதைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நாம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டதைக் கொடுத்தோம், அவ்வளவுதான். ஆனாலும் இது வாய்மைக்குப் பங்கம் என்று உரையாசிரியர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூடலேகம் செய்வதில்லை. நியாசாபகாரம்தான் செய்கிறார்கள். கொடுத்து வைத்தவர் வந்து கேட்காதவரை குறைத்தே கொடுக்கிறார்கள். இந்த அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டு நூல்களுக்குள் போவோம்.

கிங் எழுதிய நூல்

அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்ற ஊர். அங்கே பஸ்ஸில் முன்பக்கம் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பர் உட்காரக்கூடாது. முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்து, மறுபடி இறங்கி, பின்வாசல் வழியாக ஏறவேண்டும் என்று டிரைவர்கள் விரட்டுவார்கள். காசை வாங்கிக்கொண்டு, ஆள் பின்வாசலுக்குப் போவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவதும் உண்டு. பஸ்ஸில் போகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பர்கள் என்பதுதான் வேடிக்கை. வாடிக்கையாளரை இப்படி நடத்திப் பிழைத்த வியாபாரத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை ரோசா பார்க்ஸ் கைதானார். டிசம்பர் 5, திங்கட்கிழமை புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாட்கள் நடந்து, 1956 டிசம்பரில் முடிந்தது. இதைப் பற்றி கிங் 1958ல் வெளியிட்ட நூல் ‘ஸ்ட்ரைட் டுவர்ட் ஃப்ரீடம்’. போராட்டம் தொடங்கியபோது அவருக்கு வயது 26. நூல் வந்தபோது 29. அந்த வயதில் இவ்வளவு நிதானமாக, எதிரி மேல் கசப்பில்லாமல் எழுதினது பெரிய விஷயம். அகிம்சை என்பது கோழைத்தனம் அல்ல, எதிரியைத் தோற்கடிப்பதும் அதன் நோக்கம் அல்ல என்று அவர் விளக்கும் பகுதியை ஒவ்வொரு சமணரும் படிக்கணும்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் அதில் இருக்கிறது. மாண்ட்கோமரியில் காந்தியின் பெயரை இந்தப் போராட்டத்தோடு முதலில் சேர்த்துப் பேசியது கிங் அல்ல. ஜூலியட் மார்கன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. நூலகத்தில் வேலை பார்த்தவர். புறக்கணிப்பு தொடங்கிய ஒரு வாரத்தில் உள்ளூர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இது காந்தியின் உப்பு சத்தியாக்கிரகம் போன்றது என்றார். அவருடைய சொந்த இனத்தாரே அவரை ஒதுக்கி, தொல்லை கொடுத்து வந்தார்கள். 1957ல் இறந்துபோனார். கிங் இவரைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். கணக்கு நேர்மை என்றால் இது.

இப்போது பெண்களுக்கான பக்கத்தைப் புரட்டுவோம். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியையைப் பற்றி கிங் மிக உயர்வாகவே ஒரு வாக்கியம் எழுதுகிறார். போராட்டத்தின் எல்லாத் தளங்களிலும் மற்ற எவரையும்விட அதிகமாக உழைத்தவர் என்று சொல்லலாம் என்கிற அளவுக்குப் புகழ்கிறார். ஆனால் அந்த உழைப்பு என்ன, எப்போது, எப்படி என்ற விவரம் புகழ்ச்சியின் அளவுக்கு இல்லை. சனிக்கிழமை துண்டுப் பிரசுரம் விநியோகம் ஆனதைச் சொல்லும் இடத்தில் பெண்களும் இளைஞர்களும் ஒரு படையாக வந்து ஏழாயிரம் பிரசுரங்களை எடுத்துப் போனதாக எழுதுகிறார். படை என்ற சொல் கம்பீரமாக இருக்கிறது. படையில் இருந்தவர்கள் யார் என்று பெயர் இல்லை. போதகர்களுக்குப் பெயர் உண்டு, கூட்டங்களில் யார் என்ன பேசினார் என்பதும் உண்டு. மொத்தத் தொகையைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பிரிவு விவரம் தராத கணக்கு மாதிரி இருக்கிறது இந்தப் பகுதி.

ஆசிரியை எழுதிய நூல்

29 ஆண்டுகள் கழித்து, 1987ல், அந்த ராபின்சன் அம்மையாரின் நினைவுநூல் வந்தது. ‘மாண்ட்கோமரி பஸ் பாய்காட் அண்ட் தி விமன் ஹூ ஸ்டார்ட்டட் இட்’ என்பது பெயர். பஸ் புறக்கணிப்பும் அதைத் தொடங்கிய பெண்களும் என்று பொருள். வரலாற்றாசிரியர் டேவிட் காரோ பதிப்பித்தது. தலைப்பிலேயே வழக்கு இருக்கிறது பாருங்கள்.

1949ல் அலபாமா அரசுக் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த ராபின்சன், அந்த டிசம்பரிலேயே ஏறக்குறைய காலியாக இருந்த பஸ்ஸில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்ததற்காக டிரைவரால் மிரட்டப்பட்டு அழுதுகொண்டே இறங்கினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1946ல், அதே கல்லூரியின் மேரி ஃபேர் பர்க்ஸ் என்ற பேராசிரியை பெண்கள் அரசியல் மன்றம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1950ல் ராபின்சன் அதன் தலைவரானார். 1954 மே 21 அன்று மேயருக்கு எழுதிய கடிதத்தில், நிலைமை மாறாவிட்டால் பஸ்ஸைப் புறக்கணிக்கும் யோசனை பல அமைப்புகளிடம் இருக்கிறது என்று மரியாதையாக, ஆனால் தெளிவாக எச்சரித்தார். ரோசா பார்க்ஸ் கைதானது இதற்கு ஒன்றரை வருஷம் கழித்து. ஆகவே ஒரு நாள் கோபத்தில் ஊர் திரண்டது என்ற கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது. சரக்கு ஏற்கனவே கட்டி வைத்திருந்தது. வண்டி வருவதற்குத்தான் காத்திருந்தார்கள்.

கைதான அன்று இரவு நடந்ததை ராபின்சன் எழுதியிருக்கும் பக்கங்கள்தான் நூலின் உயிர். நள்ளிரவில் கல்லூரிக்குப் போகிறார். வணிகவியல் துறைத் தலைவர் ஜான் கேனன் சைக்ளோஸ்டைல் மெஷினைத் திறந்து விடுகிறார். இரண்டு மாணவர்கள் உதவுகிறார்கள். ஒரே தாளில் அதே செய்தியை மூன்று முறை அடித்து, மூன்றாக வெட்டி, விடிவதற்குள் பல்லாயிரம் பிரசுரங்கள் தயார். எந்தத் தெருவுக்கு எத்தனை, யார் வாங்கிக்கொள்வார் என்பதற்கு வழித்தடமும் போட்டாகிவிட்டது. காலை எட்டு மணி வகுப்பை எடுத்து முடித்துவிட்டு, காரில் போய்ப் பள்ளிகள், கடைகள், அழகு நிலையங்கள் என்று கட்டுக் கட்டாக இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை மாலை போதகர்கள் கூடிப் பேசியபோது திங்கட்கிழமை பஸ் ஏறக்கூடாது என்ற சேதி ஊரில் பரவிவிட்டிருந்தது. கிங் சொல்லும் சனிக்கிழமைப் பிரசுரம் அதற்குப் பிறகு வந்தது.

இலக்கிய நயம் தேடுகிறவர்களுக்கு இந்நூல் ஏமாற்றம் தரலாம். ஆசிரியை பாடம் நடத்துவது போன்ற நடை. ஆனால் வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்வதில் இதற்கு இணை இல்லை. ஏறத்தாழ 300 கார்களைச் சேர்த்து ஓட்டி மக்களை வேலைக்குக் கொண்டுபோன ஏற்பாடு, அதற்கு போலீஸ் கொடுத்த தொல்லை, பஸ் கம்பெனிக்கும் கடைவீதிக்கும் ஏற்பட்ட நஷ்டம் எல்லாம் பொறுமையாக வருகின்றன. அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது, கார் மேல் அமிலம் ஊற்றினார்கள் என்பதையும் பெரிதாகக் கூச்சல் போடாமல் சொல்லிப் போகிறார்.

ஒரு குறையும் சொல்லணும். கேனனுக்குப் பெயர் உண்டு. அந்த இரவு கூடவே நின்று தாள் வெட்டிய இரண்டு மாணவர்களுக்கு அவர் நூலிலும் பெயர் இல்லை. பேரேட்டில் ஏறாமல் போன வலியை அறிந்தவரே செய்த விடுதல் இது.

குற்றம் யாருடையது?

அப்படியானால் கிங் பெண்களின் பங்கை மறைத்தாரா என்று கேட்கலாம். அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ராபின்சன் வேலை பார்த்தது அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி. அங்கே சைக்ளோஸ்டைல் அடித்தது வெளியே தெரிந்தால் அவருக்கு மட்டும் அல்ல, கல்லூரிக்கே ஆபத்து. அதனால்தான் அந்தப் பெண்கள் தாங்களாகவே பின்னால் நின்றார்கள் என்று அவரே எழுதுகிறார். 1958ல் கிங் அந்த இரவின் விவரத்தை எல்லாம் அச்சிட்டிருந்தால் அது காட்டிக்கொடுத்ததாகவே ஆகியிருக்கும். சொல்லாமல் விட்டது அப்போது காப்பு.

ஆனால் 1960ல், மாணவர் போராட்டத்தை ஒட்டி மாநில அரசு கல்லூரி ஆசிரியர்களைத் துருவத் தொடங்கியதும், ராபின்சன் வேலையை விட்டு அலபாமாவிலிருந்தே போய்விட்டார். அதன்பின் காப்பாற்ற வேண்டிய ரகசியம் என்ன இருந்தது? அதற்குப் பிறகும் பாடநூல்களும் நினைவுக் கட்டுரைகளும் பழைய கதையையே திருப்பித் திருப்பிச் சொன்னதுதான் குறை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய பேரணியில் முக்கிய உரை நிகழ்த்த ஒரு பெண்ணுக்கும் இடம் தரவில்லை. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஆனா ஆர்னால்ட் ஹெட்ஜ்மன் எழுதிக் கேட்டபின், பெண் போராளிகளுக்கு அஞ்சலி என்ற ஒரு சிறு நிகழ்ச்சியைச் சேர்த்தார்கள். டெய்ஸி பேட்ஸ் சில வார்த்தைகள் பேசினார். நூறு கொடுத்து வைத்தவர்கள் கேட்ட பிறகும் கொடுத்தது பத்து. நியாசாபகாரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

ரோசா பார்க்ஸுக்கும் குறைத்துத்தான் கொடுத்தார்கள். 1992ல் வந்த தம் வாழ்க்கை நூலில் அவர், தான் அன்று உடம்பு களைத்துப் போயிருக்கவில்லை, விட்டுக்கொடுத்தே போவதில்தான் சலித்திருந்தேன் என்ற கருத்தில் எழுதுகிறார். கறுப்பர் உரிமைக்காகப் பாடுபட்ட அமைப்பின் ஊர்க் கிளைக்குப் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் அவர். அந்த அனுபவத்தை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கால்வலியைக் கணக்கில் வைத்தார்கள்.

சமையலறையும் கடையும்

பணம் எங்கிருந்து வந்தது என்ற என் கேள்விக்கு நல்ல விடை தந்தவர் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர். ‘ஐஸ் ஆன் தி ப்ரைஸ்’ என்ற 1987ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி ஆவணப்பட வரிசைக்காக அவர் பேட்டி கொடுத்திருக்கிறார். கோழி வறுவல், சாண்ட்விச், கேக், பை என்று சமைத்து விற்று, கார்களுக்குப் பெட்ரோல் போடப் பணம் சேர்த்தார்கள் இந்தப் பெண்கள். வெள்ளைக்கார வீடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஆகையால் பெயர் வெளியே வரக்கூடாது. ஆகவே குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை! ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் என்பவர் போட்டியாக ஒரு குழு நடத்தினார். வாராவாரம் பொதுக்கூட்டத்தில் யார் வசூல் அதிகம் என்று இரண்டு குழுவுக்கும் போட்டி. இயக்கத்தின் நிதிச் செயலாளராக இருந்தவரும் எர்னா டஞ்ஜி என்ற ஒரு பெண்மணிதான். கணக்குப் புத்தகமே பெண் கையில் இருந்திருக்கிறது!

1956 மார்ச்சில் கிங் மீது நடந்த வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார். வேலை போயிற்று. அவர் வீட்டிலேயே சாப்பாட்டுக்கடை தொடங்கினார். கிங்கும் மற்றவர்களும் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே கூடிப் பேசினார்கள்.

இதே உண்மையை வேறொரு கோணத்தில் காட்டுவது மூன்றாவது நூல். செப்டிமா கிளார்க் சொல்லி, சிந்தியா ஸ்டோக்ஸ் பிரவுன் தொகுத்து, 1986ல் வந்த ‘ரெடி ஃப்ரம் விதின்’. தென் கரோலினாவில் பல்லாண்டு ஆசிரியையாக இருந்த கிளார்க், உரிமை அமைப்பில் உறுப்பினராக இருந்த காரணத்தால் 1956ல் வேலையும் பென்ஷனும் இழந்தார். ஓட்டுரிமைக்கு எழுதப் படிக்கத் தெரியணும் என்று சட்டம் சொன்னது. ஆகவே ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் பெரியவர்களுக்கான பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. முன்பக்கம் மளிகைக்கடை, பின்பக்கம் வகுப்பு. வெள்ளைக்காரர் கண்ணுக்குக் கடை மட்டும்தான் தெரியும். ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகு நிலையக்காரரை. பட்டதாரி அல்ல. ஆனால் அவர் சம்பளம் வெள்ளைக்காரர் கையில் இல்லை. கையெழுத்துப் போடுவது, மணியார்டர் நிரப்புவது என்று தேவையானதிலிருந்தே பாடம் தொடங்கியது.

மூன்று நூல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வணிகனாக எனக்குப் படுவது இது. சம்பளத்துக்கு இருந்த பெண்கள் விலை கொடுத்தார்கள். வேலையோ ஊரோ பென்ஷனோ போயிற்று. சொந்தத் தொழில் கையில் இருந்த பெண்களைச் சுலபமாக அசைக்க முடியவில்லை. தலைவர்களின் சொற்பொழிவுகளை மட்டும் படித்தால் விடுதலைக்கும் ஒரு சின்னக் கடைக்கும் உள்ள இந்த உறவு கண்ணில் படாது.

கிளார்க்கின் நூலில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காமல், அந்தந்த ஊரில் தலைவர்களை உண்டாக்குங்கள் என்று கிங்குக்கு அவர் கடிதம் எழுதினார். அதைக் கிங் ஊழியர் கூட்டத்தில் படித்தபோது எல்லாரும் சிரித்தார்களாம். இந்த அம்மா ஏன் நிர்வாகத்தில் இருக்கிறார் என்று கேட்டவர்களும் உண்டு. அப்போது கிங் அவருக்காகவே பேசினார் என்பதையும் கிளார்க் மறைக்கவில்லை. தனக்குக் குறைத்துக் கொடுத்தவர்களின் கணக்கைக்கூட அவர் சரியாக எழுதுகிறார்.

வழக்குப் போட்ட நால்வர்

இன்னொரு விடுதல். பஸ்ஸில் பாகுபாடு சட்ட விரோதம் என்ற தீர்ப்பு ரோசா பார்க்ஸ் வழக்கில் வந்தது அல்ல. ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின் என்ற நான்கு பெண்கள் 1956 பிப்ரவரியில் தொடுத்த வழக்கில் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. இவர்களில் கால்வின், 1955 மார்ச் 2 அன்று, ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்துக் கைதான 15 வயதுப் பள்ளி மாணவி. சிறுமி, ஏழை, பிறகு மணமாகாமலே கருவுற்றாள் என்பதால் இயக்கத்தின் முகமாக வைக்கத் தயங்கினார்கள். கோர்ட்டில் சாட்சி சொல்ல மட்டும் அவள் வேண்டியிருந்தது. 2009ல் ஃபிலிப் ஹூஸ் எழுதிய நூல் வந்த பிறகே பலருக்கு அவர் பெயர் தெரிந்தது. அந்தப் பழைய கைது வழக்கின் பதிவு நீதிமன்ற ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 2021ல். 66 ஆண்டு பாக்கி!

முடிவாக

இவற்றால் கிங்கின் பெருமை குறைந்துவிட்டதா என்றால், இல்லை. அந்த ஐம்பதாயிரம் பேரின் கோபத்தைப் பகையாக மாறாமல் காத்தது அவர் வாக்கு. அந்தப் பங்கு அவருடையதே. மற்றவர்கள் கொடுத்து வைத்ததை எல்லாம் அவர் பேரில் ஏற்றியதைத்தான் திருத்தணும். அப்படி ஏற்றியதில் பெரும்பகுதி அவர் செய்ததும் அல்ல.

படிக்க விரும்புவோர் ராபின்சன் நூலை முதலிலும், கிங் நூலை இரண்டாவதாகவும், கிளார்க் நூலைக் கடைசியிலும் படியுங்கள். கிங்கை முதலில் படித்தால் மற்ற இரண்டும் பின்னிணைப்பு போலத் தோன்றிவிடும். பள்ளியில் ரோசா பார்க்ஸ் பற்றிக் கட்டுரை எழுதும் நம் பிள்ளைகளுக்கு அந்த நள்ளிரவுப் பக்கங்களை மட்டுமாவது வாசித்துக் காட்டலாம். மூன்றையும் சங்க நூலகத்துக்கு வாங்கி வைக்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நம் பெண்களில் யாராவது, முறைப்படி அனுமதி பெற்று, ராபின்சன் நூலைத் தமிழில் தர முன்வந்தால் தாள் செலவும் அச்சுச் செலவும் என் பொறுப்பு. மொழிபெயர்த்தவர் பெயரும், மெய்ப்புப் பார்த்தவர், தட்டச்சு செய்தவர் பெயர்களும் முன்பக்கத்திலேயே வரணும். என் நிபந்தனை அது ஒன்றுதான்.